வைஃபையில் யார் யார்? – கணினி கேள்வி பதில்

கேள்வி: துணிக்கடையொன்றில் கணக்கு வேலை பார்க்கிறேன். பில் போடும் கணினிகள், பிரிண்டர், கமரா பெட்டி, ஆட்களின் போன்கள் எல்லாமே ஒரே ரவுட்டரில்தான். வெளியாட்கள் யாரும் வைஃபையில் தொற்றியிருக்கிறார்களா என்று பார்க்க என்மேப் (வலையில் உள்ள கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் மென்பொருள்) போடச் சொன்னார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க எனக்கு வராது. வேறு வழி உண்டா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: ஸென்மேப் இருக்கிறதே! பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட முகப்பு அது. உள்ளே ஓடுவது அதே என்மேப்தான். நீங்கள் பட்டியலில் தெரிவு செய்வதை ஸென்மேப் கட்டளையாக்கி அதனிடம் கொடுக்கிறது. அந்தக் கட்டளை 'கமாண்ட்' பெட்டியில் உங்கள் கண்ணெதிரே தெரியும். நாலு நாள் பார்த்தால் கறுப்புத் திரைப் பயமும் போய்விடும்.

விண்டோஸுக்கான நிறுவியில் என்மேப், ஸென்மேப், என்பிகேப் மூன்றும் சேர்ந்தே வரும். வலையில் போய்வரும் தரவை நேரடியாகப் படிக்க உதவும் என்பிகேப்புக்கான சரி அடையாளத்தை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கருவிகளின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் வலை அடையாள எண்) கிடைக்காது. உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம்.

அடுத்து, உங்கள் ஐபி முகவரி. விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை விபரத்தில் ஐபிவி4 என்ற வரியைப் பாருங்கள். 192.168.1.23 என்றிருந்தால், ஸென்மேப்பின் 'டார்கெட்' பெட்டியில் 192.168.1.0/24 என்று அடியுங்கள். அந்த வரிசையின் 256 முகவரிகளையும் அது குறிக்கும். 'புரொஃபைல்' பட்டியலில் 'பிங் ஸ்கேன்' தெரிவு செய்து 'ஸ்கேன்' பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'இன்டென்ஸ் ஸ்கேன்' தானாகவே தெரிவாகியிருக்கும். முதல் தடவையே அதை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு முகவரியின் கீழும் மேக் முகவரியும், அடைப்புக்குறிக்குள் தயாரிப்பாளர் பெயரும் வரும். பிரிண்டரும் கமரா பெட்டியும் அந்தப் பெயரிலேயே பிடிபட்டுவிடும். சிக்கல் போன்களில்தான். ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் பொய்யான மேக் முகவரியைக் கொடுக்கின்றன. அதனால் தயாரிப்பாளர் இடத்தில் 'அன்னோன்' என்றிருந்தால் உடனே கள்வன் என்று முடிவெடுக்காதீர்கள். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றானால் அது அப்படிப் புனைந்த முகவரி. கடை ஆட்களின் போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் மிஞ்சுவது யாரென்று தெரியும். திரை அணைந்து தூங்கும் போன் பதில் சொல்லாமலும் விடலாம். ஆகவே இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்.

கமரா பெட்டியே பட்டியலில் இல்லையா? கடைக்குள் இரண்டாவது ரவுட்டர் ஒன்று இருக்கக்கூடும். அதற்குப் பின்னால் உள்ளவை 192.168.0 போன்ற வேறு வரிசையில் இருக்கும். அந்த ரவுட்டரில் இணைந்து, அந்த வரிசையைத் தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும். 'கெஸ்ட்' வைஃபையில் இருந்துகொண்டு பார்த்தாலும் அநேகமாக ரவுட்டரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஆட்களை அடையாளம் கண்டபின் முடிவை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமியுங்கள். அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன் செய்து, 'டூல்ஸ்' மெனுவில் 'கம்பேர் ரிசல்ட்ஸ்' மூலம் இரண்டையும் ஒப்பிட்டால் புதிதாக வந்தது தனியே தெரியும். ஸென்மேப்பில் நான் அதிகம் மதிக்கும் வசதி இதுதான். அது வரையும் வலைப் படங்களெல்லாம் பிறகுதான்.

அந்நியர் இருப்பது உறுதியானால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை (கடவுச்சொல் இல்லாமல் பொத்தான் அல்லது பின் எண்ணால் இணையும் வசதி) அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஸென்மேப்பின் 'டொப்போலஜி' படத்தில் எங்கள் சேர்வர் சிவப்பு வட்டமாகத் தெரிகிறது. வைரஸா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. நிறம் திறந்திருக்கும் போர்ட்டுகளின் (கணினி ஒவ்வொரு சேவைக்கும் திறந்து வைக்கும் எண்ணிட்ட வாசல்கள்) எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது: மூன்றுக்குக் குறைவென்றால் பச்சை, 3 முதல் 6 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. கோப்பு, பிரிண்ட், இணையத்தளம் எல்லாம் கொடுக்கும் சேர்வர் சிவப்பாக இருப்பது இயல்பு. மாறாக, பச்சை வட்டத்தில் திறந்திருக்கும் ஒரே போர்ட் 23 என்றால் அதற்குத்தான் கவலைப்பட வேண்டும். அது டெல்நெட் என்ற பழைய தொலை இயக்க முறை, கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். 'போர்ட்ஸ்/ஹோஸ்ட்ஸ்' பக்கத்தில் எண்களைப் பாருங்கள்: 445 விண்டோஸ் கோப்புப் பகிர்வு, 3389 ரிமோட் டெஸ்க்டொப், 554 கமரா, 9100 பிரிண்டர்.

பிரிண்டர் பற்றி ஒரு வார்த்தை. 9100இல் எது வந்தாலும் சில பிரிண்டர்கள் அச்சடித்துத் தள்ளும். அதனால்தான் போர்ட்டில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அறியும் சோதனையில் 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளை என்மேப் தானாகவே தவிர்க்கிறது.

கேள்வி: பாடசாலைக் கணினிக் கூடத்தில் உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம்). ஸென்மேப் கிடைக்கவில்லை என்கிறது.
– ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: பழைய ஸென்மேப் பைதன் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பைதனைக் கைவிட்டபோது உபுண்டு இதையும் நீக்கிவிட்டது. 2023இல் வந்த என்மேப் 7.94இல்தான் ஸென்மேப் பைதன் 3க்கு மாறியது. உங்கள் கூடத்துக்கு லேசான வழி: உபுண்டுவில் என்மேப்பை மட்டும் ஓட்டி முடிவை எக்ஸ்எம்எல்லாகச் சேமித்து, அலுவலகத்து விண்டோஸ் கணினியில் ஸென்மேப்பின் 'ஓப்பன் ஸ்கேன்' மூலம் திறப்பது. கட்டளைக்கு முன் 'சூடோ' (நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்தே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மேக் முகவரிகள் வராது.

கேள்வி: பழகுவதற்குப் பக்கத்துக் கடையின் வைஃபையை ஸ்கேன் செய்யலாமா?
– மாணவர், கல்முனை

பதில்: கூடாது. அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் மட்டும்தான் செய்தேன் என்ற வாதத்தைப் பொலிஸில் போய்ச் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம். பழகுவதற்கென்றே என்மேப் குழுவினர் 'ஸ்கேன்மீ.என்மேப்.ஓஆர்ஜி' என்ற சேர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாளுக்குச் சில தடவை என்றால் அவர்களுக்குச் சம்மதம், நூறு தடவை வேண்டாம் என்கிறார்கள்.