சிடி ஸ்கேன் ஒண்ணு, பேஷண்ட் முப்பது: பிளான் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

கேள்வி: எங்க ஆஸ்பத்திரியில ஒரு சிடி ஸ்கேன் மெஷின், ரெண்டு எக்ஸ்ரே ரூம், பேஷண்ட் இருக்குற இடத்துக்கே தள்ளிட்டுப் போற ஒரு போர்ட்டபிள் எக்ஸ்ரே, இவ்வளவுதான். பெரிய விபத்துல ஒரே நேரத்துல 30 பேர் வந்தா ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே பிரிவு) எப்படி சமாளிக்கும்னு பிளான் எழுதச் சொல்லியிருக்காங்க. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: முதல்ல ஒரு டிராமா கேஸ், அதாவது பலமா அடிபட்ட பேஷண்ட், உங்க சிடி ரூமுக்குள்ள வர்றதுலேர்ந்து வெளிய போற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வாட்ச்ச வச்சுப் பாருங்க. இப்போ இருக்குற மெஷின்ல தலையிலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஸ்கேன் ஓட ஒரு நிமிஷம் ஆனாலே அதிகம், மீதி நேரமெல்லாம் ஆளைத் தூக்கி டேபிள்ல போடுறது, டியூப் டிரிப் இழுபடாம பாத்துக்கிறது, பேரு டைப் பண்றது, திரும்ப இறக்குறது, இதுலயே போயிடும். அதனால தூக்கி மாத்துறதுக்குன்னே நாலு பேரு ஸ்லைடு போர்டோட சிடி வாசல்லயே நிக்கணும், அவங்களை வேற எதுக்கும் கூப்பிடக்கூடாதுன்னு பிளான்ல முதல் வரியா எழுதுங்க.

எல்லாருக்கும் சிடி கேப்பாங்க, முடியாது. வரிசைய ஒரே ஒரு சீனியர் டாக்டர்தான் முடிவு பண்ணணும். பிபி நிக்காதவங்களுக்கு எமர்ஜென்சியிலயே இ-ஃபாஸ்ட் அல்ட்ராசவுண்ட் (நெஞ்சு, வயித்துக்குள்ள ரத்தமோ காத்தோ கசியுதான்னு சீக்கிரமா பாக்குறது), போர்ட்டபிள்ல நெஞ்சு, இடுப்பு எக்ஸ்ரே, அதைப் பாத்துட்டு நேரா ஆபரேஷன் தியேட்டர்தான். நடந்து வர்றவங்களோட கை கால் எக்ஸ்ரே காத்திருக்கலாம். குண்டுவெடிப்புன்னா எம்ஆர்ஐ பக்கமே போகாதீங்க, உடம்புக்குள்ள இரும்புத் துண்டு இருக்கலாம். ஸ்கேன் முடிஞ்சவங்களை திரும்ப எமர்ஜென்சிக்கு அனுப்பாம தியேட்டர், ஐசியு, வார்டுன்னு முன்னாடியே போயிட்டிருக்கணும், இல்லன்னா காரிடாரே அடைச்சுக்கும்.

எனக்கு ரொம்ப பயம் பேரு விஷயத்துலதான். மயக்கத்துல வர்றவங்களுக்கு தற்காலிக ஐடியும் கையில கட்டுற பேண்டும் இப்பவே ரெடியா இருக்கணும், ஆனா அடுத்தடுத்த நம்பரா வேண்டவே வேண்டாம். நாங்க பண்ணின ஒரு ஒத்திகை டிரில்ல கடைசி டிஜிட் மட்டும் மாறின ரெண்டு பேரோட ஸ்கேன் இடம் மாறிப்போச்சு, நெஜமாவே நடந்திருந்தா மண்ணீரல் நல்லா இருக்குறவரோட வயித்தைத் திறந்திருப்பாங்க. நிஜப் பேரு தெரிஞ்சாலும் எல்லாம் அடங்குற வரைக்கும் ஐடிய மாத்தாதீங்க.

ரேடியாலஜிஸ்ட் (படத்தைப் பாத்து ரிப்போர்ட் சொல்ற டாக்டர்) சிடிய இயக்குற கன்சோல் பக்கத்துலயே உக்காந்து உயிருக்கு ஆபத்தானதை மட்டும் கார்பன் காப்பி ஃபார்ம்ல கையால எழுதி ஒண்ணை பேஷண்டோடயே அனுப்பட்டும், நெட்வொர்க் படுத்தாலும் இது ஓடும். ஆனா 24 மணி நேரத்துக்குள்ள இன்னொருத்தர் எல்லா படத்தையும் முழுசா திரும்பப் பாத்தே ஆகணும், அவசரத்துல சின்ன எலும்பு முறிவெல்லாம் கண்ணுல படாது.

இந்த பிளானுக்கான ஒத்திகை டிரில்லை பகல்ல வைக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, டியூட்டியில இருக்குற ரெண்டு மூணு பேரை மட்டும் வச்சு, சொல்லாம வைங்க.