1537-ல் பிள்ளைகள் எந்த மொழியில் பேசுவார்கள்?

நீங்கள் எழுதும் சிறுவர் நாவலில் பெங்களூர் அல்சூரைச் சேர்ந்த அண்ணனும் தங்கையும் 1537-க்குப் போய், அந்த நகரை உருவாக்கிய கெம்பே கௌடர் கோட்டை கட்டுவதைப் பார்க்கிறார்கள், ஆனால் அங்கே என்ன மொழி பேசுவார்கள் என்று உங்கள் பெண் கேட்டதோடு நாவல் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சரியான கேள்விதான். எல்லா மொழியையும் புரியவைக்கும் மந்திர மோதிரம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. அல்சூர் தெருவில் விளையாடி வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடம் தெரியாமலா இருக்கும்? பாதி புரியும், மீதி பழைய பேச்சு புரியாது, கதைக்கு வேடிக்கை அந்த மீதியில்தான். தமிழும் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிப்போய் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த அத்தியாயத்தை அவளே சொல்லிவிடுவாள்.

அப்புறம், சத்திரத்துப் பாட்டி மிளகாய் கிள்ளிப் போட்டுத் தக்காளி ரசம் வைக்கிறாளே, அதை அடித்துவிடுங்கள். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ராகிக் களியும் மிளகு தட்டிப் போட்ட கொள்ளு ரசமும் கொடுங்கள், பையன் முகம் சுளிக்கட்டும்.

முதல் 20 பக்க வரலாற்றுப் பாடத்தை எந்தப் பிள்ளையும் தாண்டாது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தொடங்குங்களேன், அந்த இடம் தர்மாம்புதி ஏரியாக இருந்ததுதான். பிளாட்பாரத்தில் வைத்த கால் முழங்கால் அளவு சேற்றில் இறங்கட்டும், செருப்பு ஒன்று அங்கேயே போகட்டும்.