வெரோனாவில் ஒரே நாள்: இத்தாலியின் இருபது வட்டாரத்தையும் சுவைக்க நினைக்காதீர்கள்

கேள்வி: மிலானில் ஒரு உணவகத்தில் பரிமாறுகிறேன். ஏப்ரலில் வெரோனாவில் நடக்கும் வினித்தாலி ஒயின் கண்காட்சிக்கு முதலாளி என்னை ஒரு நாள் அனுப்புகிறார், அதிகம் வெளியே தெரியாத வட்டார ஒயின் நாலைந்து பார்த்து வரச் சொல்லி. எனக்குக் கியாந்தி, பரோலோ, ப்ரோசெக்கோ மட்டும்தான் தெரியும். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு கணக்கு. கண்காட்சியில் 30 தயாரிப்பாளர்களின் மேசையில் மூன்று மூன்றாக 90 ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்றால் 2.7 லிட்டர், அதாவது மூன்றரை பாட்டிலுக்கும் மேல். அதனால் துப்பியே ஆக வேண்டும். மேசைதோறும் அதற்கென்று பாத்திரம் இருக்கும், தயாரித்தவரே உங்கள் கண் முன்னால் துப்புவார், அங்கே யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. அன்றைக்கு சென்ட் மட்டும் போடாதீர்கள், உங்கள் மூக்கோடு பக்கத்தில் நிற்பவர் மூக்கும் கெட்டுவிடும்.

அங்கே அரங்குகள் பெரும்பாலும் வட்டாரவாரியாகவே பிரிந்திருக்கும். இத்தாலியில் பதிவான ஒயின் திராட்சை வகைகளே 500-க்கு மேல், ஒரு நாளில் எல்லாவற்றையும் தொட நினைத்தால் சாயங்காலம் ஒன்றுமே நினைவில் நிற்காது. வட்டாரம் இரண்டு எடுங்கள், அதிலும் ஒரே திராட்சையில் செய்த ஒயினை இரண்டு மூன்று ஊர்களிலிருந்து அடுத்தடுத்துச் சுவையுங்கள். ஊருக்கு ஊர் ஒயின் எப்படி மாறுகிறது என்பது நாக்குக்குப் பிடிபட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் உங்களை ஏத்ரியாட்டிக் கடலோர வட்டாரமான மார்க்கேயின் அரங்குக்குத்தான் முதலில் அனுப்புவேன். அங்கத்திய வெள்ளைத் திராட்சை வெர்திக்கியோ. யேசி ஊரைச் சுற்றிய குன்றுகள் ஏத்ரியாட்டிக் கடலைப் பார்த்துக் கிடப்பவை, மத்தேலிகாவோ உள்ளே மலைகளுக்கு நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பள்ளத்தாக்கு, கடல் காற்று எட்டாது, ராத்திரி நன்றாகக் குளிரும், அதனால் பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். யேசி ஒயின் கொஞ்சம் உருண்டையாக, அதாவது மென்மையாக வாயை நிறைத்து, சதைப்பற்றோடு வரும். மத்தேலிகா நேராக, கூர்மையாக இறங்கும். துப்பியபின் இரண்டிலும் பாதாம் தோல் போல ஒரு மெல்லிய கசப்பு தங்கும். அந்தக் கசப்புதான் வெர்திக்கியோவின் அடையாளம், குறை என்று தள்ளிவிடாதீர்கள். மீன் வைக்கும் உணவகமானால் இதையே முதலாளியிடம் துணிந்து சொல்லலாம்.

மேசை மாறும்போது கிளாஸைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், ஒட்டி நிற்கும் சொட்டு நீர் ஒயினை நீர்க்கச் செய்யும். அடுத்து குடிக்கப்போகும் ஒயினிலேயே ஒரு வாய் ஊற்றச் சொல்லி, கிளாஸைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மெதுவாக உருட்டினால் உள்சுவர் முழுக்க நனையும், அதைக் கொட்டிவிட்டு அப்புறம் சுவைக்க வாங்குங்கள். இதற்கு இத்தாலியில் அவ்வினாரே என்று பெயர்.

சிவப்பு ஒயினுக்கு உம்ப்ரியா வட்டாரம். அங்கே மொந்தேஃபால்கோ ஊரின் சக்ராந்தீனோ ஒயின் குறைந்தது 37 மாதம் வைத்திருந்த பின்தான் விற்பனைக்கு வரும், அப்போதும் கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி வாயெல்லாம் துவர்க்கும். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இதைக் குடித்தபின் வேறு எந்த ஒயினும் ஒரு கால் மணி நேரத்துக்கு எடுபடாது.

ஒரு குழப்பத்தை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் உணவகத்தில் விருந்தினர் நிச்சயம் கேட்பார். மொந்தேபுல்ச்சியானோ த'அப்ருத்சோ என்ற ஒயினில் மொந்தேபுல்ச்சியானோ என்பது திராட்சையின் பெயர். வீனோ நோபிலே தி மொந்தேபுல்ச்சியானோ என்ற ஒயினில் அது தொஸ்கானா வட்டாரத்தில் உள்ள ஊரின் பெயர், அந்த ஒயினுக்கு முக்கியத் திராட்சை சாஞ்சோவேசே. பெயர் ஒன்று, ஒயினுக்கும் ஒயினுக்கும் சம்பந்தமே இல்லை.

பேச்சு கொடுக்கத் தயங்காதீர்கள். 'உங்கள் ஊரில் மட்டும் விளையும் திராட்சை எது, அதில் செய்தது இருக்கிறதா' என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் முன்னால் அடுக்காத பாட்டில் மேசைக்கு அடியிலிருந்து வரும். குடித்ததும் லேபிளைப் போட்டோ எடுத்து, பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: புளிப்பா, துவர்ப்பா, எந்தச் சாப்பாட்டோடு, உணவகத்துக்கு என்ன விலை. பாட்டில் விலையை அங்கேயே கேட்டு வாங்குங்கள், முதலாளி முதலில் கேட்கப்போவது அதைத்தான்.