சட்டை பற்றிக் கேளுங்கள்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

சங்க காலத்தில் நம் ஆட்கள் சட்டை போட்டார்களா?

சட்டை என்ற சொல்லைத் தேடாதீர்கள், 'மெய்ப்பை'யைத் தேடுங்கள். மெய்யைப் போட்டுவைக்கிற பை, என்ன அழகான பெயர்! முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர்கள்தான் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தோடு வருகிறார்கள். அப்புறம் சிலப்பதிகாரத்தில் 'கஞ்சுக மாக்கள்' (கஞ்சுகமும் சட்டைதான்), அவர்கள் அரசனின் ஏவலர்கள். சீவக சிந்தாமணியில் குப்பாயம் என்ற சட்டை போட்டிருப்பவன் மிலேச்சன், அதாவது அந்நியன். ஆக மூன்று இடத்திலும் மேலே தைத்துப் போட்டவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் அரண்மனைச் சேவகன். நம் வெயிலுக்கு மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. குப்பாயம் நம்மிடம் வழக்கொழிந்துவிட்டது, மலையாளத்தில் இன்றும் சட்டைக்கு அதுதான் பேர்.

அப்படியானால் மலையாளத்தில் 'சட்ட' கிடையாதா?

இருக்கிறது, ஆனால் வேறு உடுப்பு. சிரியன் கிறிஸ்தவப் பாட்டிமார் முண்டோடு போடுகிற தொளதொள வெள்ளை மேலுடை. முண்டைப் பின்பக்கம் விசிறி மாதிரி மடித்துவிட்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணத் தோழி 'எனக்குச் சட்டை தைக்கக் குடுத்தனான்' என்கிறாள். ஆம்பளைச் சட்டையா?

இல்லை, கவுன். ஆண்கள் போடுவது அங்கே சேட்டு. இங்கேயும் 'பாவாடை சட்டை' என்கிறோமே, அதில் ஆம்பளை எங்கே வந்தான்?

பாம்புக்கு எதற்குச் சட்டை?

உடம்பை மூடியிருந்து கழன்று விழுவதால் அதுவும் சட்டைதான். தோல்தான் சட்டை என்ற எண்ணம் சீர்காழி சட்டைநாதர் கதையிலும் உண்டு: திருமாலின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டதால் அந்தப் பெயர் என்பது தலபுராணம்.

கருஞ்சட்டை?

பெரியார் 1945-ல் தொடங்கிய கருஞ்சட்டைப் படை. பிறகு கருஞ்சட்டைக்காரர் என்றாலே திராவிடர் கழகத்துக்காரர் என்றாகிவிட்டது.

'அவன் என்னைச் சட்டை பண்ணவே இல்லை' என்பதில் சட்டை எங்கிருந்து வந்தது?

அங்கே சட்டை என்றால் மதிப்பு, பொருட்படுத்துதல். சட்டையைக் கழற்றினான், மாட்டினான் என்று அதற்குச் சொல்லப்படும் கதைகளை நான் நம்புவதில்லை. ஒன்று கவனித்தீர்களா, பேச்சில் அது பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வரும். 'அவன் என்னை ரொம்பச் சட்டை பண்ணினான்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் ஊர்ப் பேரோடு எழுதுங்கள்.