மாளிகைக்குப் பணம் கட்டினோம், புதுக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள்

கேள்வி: அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காகக் கடந்த மாதம் குடும்பத்தோடு மைசூர் சென்றோம். அங்கே பழைய மாளிகை ஒன்றை ஓட்டலாக நடத்துகிறார்கள். ‘மாளிகை அறை’ என்று படம் போட்டிருந்ததை நம்பி, அவர்களுடைய இணையதளத்திலேயே இரண்டு இரவுகளுக்கு, இரவுக்கு 18,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் முன்பே செலுத்தினேன். போனதும், மாளிகையில் இடமில்லை என்று பின்புறப் புதுக் கட்டடத்தில் அறை கொடுத்தார்கள். அந்த அறைக்கு அவர்கள் வாங்குவது 9,500 ரூபாய்தான். மீதியைக் கேட்டால், ‘அறை ஒதுக்கீடு நிர்வாகத்தின் விருப்பம், வழக்கென்றால் மைசூரில்தான்’ என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். நான் என்ன செய்யலாம்?
- வாசகர், காட்பாடி

பதில்: மைசூருக்கு நீங்கள் அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34-வது பிரிவில், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர உரிமை கொடுத்திருக்கிறது. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் தாக்கல் செய்யலாம். இந்த உரிமை 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இல்லை. சட்டம் தந்ததை ஓட்டலின் ஒருவரி நிபந்தனை பறித்துவிட முடியாது என்று வாதிடுங்கள்.

‘அறைதான் கொடுத்தோமே, ஏசி இருந்ததே’ என்று அவர்கள் சொல்வார்கள். அதற்கு அசராதீர்கள். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஓர் ஓட்டலைப் பாரம்பரிய ஓட்டல் என்று வகைப்படுத்தும்போது, அது 1950-க்கு முன் கட்டப்பட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறது. கட்டடத்தின் பழமைதான் அங்கே விற்கப்படும் பொருள். கோட்டைக்குள் அழைத்துப் போவதாகப் பணம் வாங்கிவிட்டு அகழிக்கரையில் நிறுத்திவைத்தால் வேலூர்க்காரர் யாராவது ஏற்பார்களா? காட்டிய படம் ஒன்று, கொடுத்த அறை வேறு என்பது சேவைக் குறைபாடு. நேர்மையற்ற வணிக நடைமுறையும்கூட.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அந்த இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்துச் சேமியுங்கள். நோட்டீஸ் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள். முன்பதிவு மின்னஞ்சல், பில், தங்கிய அறையின் புகைப்படம், புதுக் கட்டடத்தின் கட்டண விவரம் எல்லாம் வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு, ‘பாரதிய சாட்சிய அதினியம்’ என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றும் இணைக்க வேண்டும்.

இரண்டு இரவுக்கான வித்தியாசம் 17,000 ரூபாய், அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டி 3,060, ஆக 20,060 ரூபாய். இதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் திரும்ப வராது என்பதை மனுவில் வெளிப்படையாகவே எழுதுங்கள். ஆனால் கோபத்தில் பத்து லட்சம் என்று எழுதினால் நியாயமான புகாரின் கனம் குறைந்துவிடும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல ஓட்டல்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலவரம்பு 2 ஆண்டுகள்.

சமரசமாக, ‘இன்னொரு முறை இலவசமாக வந்து தங்குங்கள்’ என்று அழைக்கக்கூடும். அம்மாவுக்கு விருப்பமென்றால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ‘மாளிகை அறை’ என்ற சொல்லும் தங்கும் தேதியும் எழுத்தில் கைக்கு வராமல் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்.