ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டனவா?

பயன்பட்டன. 2.7 மெகாபிக்சலில் அப்படி என்ன எடுத்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்; 50 மெகாபிக்சல் கைப்பேசியோடு இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவராக இருந்தால் அந்தச் சந்தேகம் இயல்பானதே. 1999இல் வெளிவந்த நிகான் டி1 கேமராவின் படம் 2,000 பிக்சல் அகலம் கொண்டது. செய்தித்தாளில் நான்கு பத்தி அகலத்துக்கு அச்சிட அது போதும். எங்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தது நேரம்தான்.

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. சச்சின் 136 ரன் எடுத்து ஆட்டமிழந்த பிறகு கடைசி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. அப்போது ஃபிலிம்தான்; கடைசி ஃபிலிம் ரோலை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், டெவலப் செய்து, கழுவி, உலர்த்தி, ஸ்கேன் செய்யும் வேலை முழுவதும் என் தலையில் இருந்ததால், ஆட்டம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெல்ஸ் ரோடு பக்கம் வந்தபோது உள்ளே கைதட்டல் அதிர்ந்தது. தோற்றுப்போன ஊர் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்த அந்தக் காட்சி என் ஃபிலிமில் இல்லை. இன்றுவரை அது எனக்கு ஆறாத குறை.

2001 மார்ச் 22 அன்று அதே மைதானத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, என் கழுத்தில் அலுவலகத்தின் டி1 தொங்கியது. 300 மி.மீ. லென்ஸ் அதில் 450 மி.மீ. போல நெருங்கிக் காட்டியது. கிரிக்கெட்டுக்கு அது பெரிய உதவி. எட்டு விக்கெட் போன நிலையில் மெக்ராத்தின் பந்தைத் தட்டிவிட்டு ஹர்பஜன் இரண்டு ரன் ஓட, இந்தியா வென்றது. மெமரி கார்டை மடிக்கணினியில் செருகி, ஒரு படத்தைச் சுருக்கித் தொலைபேசி வழியாக அனுப்பிவிட்டு உடனே மைதானத்துக்குத் திரும்பினேன். வீரர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது, பரிசளிப்பு என எதையும் விடவில்லை.

இதைப் படித்துவிட்டு ஃபிலிமை நான் இகழ்கிறேன் என்று மூத்தவர்கள் யாரும் எண்ண வேண்டாம். சென்னை உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டைகள் டி1இல் மடிப்புக்கூடத் தெரியாமல் வெளுத்துவிடும். அதனால் ஒளியை அரைப் படி (ஸ்டாப்) குறைத்தே எடுப்பேன். லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் படிந்த தூசி, வானத்தில் கரும்புள்ளிகளாக விழும். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் உபரி பேட்டரிகள் இல்லாமல் வெளியே போனதில்லை. ஃபிலிம் நெகட்டிவின் தரம் டி1க்கு வரவில்லை என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் மனக்குறை வேறு. கார்டுகள் விலை அதிகம் என்பதால், மறுநாள் வேலைக்காக அன்றிரவே அவற்றை அழிக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்த சில படங்களைக் குறுந்தகட்டில் பதிந்து அலுவலகத்திடம் ஒப்படைத்தேன். சில வருடங்கள் கழித்துக் கேட்டபோது அந்தத் தகடு திறக்கவில்லை. வேறு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. 1999இல் எடுத்த நெகட்டிவ்கள் என் அலமாரியில் உறைகளுக்குள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. ஹர்பஜன் அந்த இரண்டு ரன்னை ஓடிய படமோ, பழுப்பேறிய செய்தித்தாள் துண்டாக மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.