பெட்டி உங்களிடம், புரோகிராம் யாரிடம்?

பிஎல்சி (மெஷினைப் புரோகிராம்படி ஓட்டும் கன்ட்ரோல் பெட்டி) பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். "எந்த கம்பெனி பெஸ்ட்?" என்று ஒற்றை வரி மட்டும் எழுதியவர்களுக்குப் பதில் கிடையாது. எத்தனை இன்புட், எத்தனை அவுட்புட், என்ன மெஷின் என்று எழுதுங்கள்.

கே: பாக்குமட்டைத் தட்டு அடிக்கும் பிரஸ் செய்து விற்கிறோம். 10 இன்புட், 8 அவுட்புட், 4 ஹீட்டர். டெல்டா, சீமென்ஸ், மிட்சுபிஷி மூன்றுக்கும் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். டெல்டாவுக்குக் கிருஷ்ணகிரியிலேயே தொழிற்சாலை இருப்பதால் ஸ்பேர் உடனே கிடைக்கும் என்கிறார் டீலர். எதை எடுக்கலாம்? (கணபதி, கோவை)

ப: முதலில் எண்ணிக்கை. இன்றைய தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். சீமென்ஸ் 1212சி-யில் 8 இன்புட், 6 அவுட்புட்தான், உங்களுக்குப் பற்றாது. 1214சி-யில் 14-க்கு 10, போதும். டெல்டா 24இஎஸ்2-வில் 16-க்கு 8. இன்புட் தாராளம், அவுட்புட் ஒன்றுகூட மிஞ்சாது. 32இஎஸ்2-வும் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யு-32எம் வகையும் 16-க்கு 16.

ஹீட்டரை பிஎல்சிக்குள் கொண்டுவராதீர்கள். நாலு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், நாலு எஸ்எஸ்ஆர் (கான்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போடுங்கள். ஒன்று போனால் பக்கத்து டவுனிலேயே வாங்கி மாட்டிவிடலாம். பிஎல்சியில் மாட்டும் தெர்மோகப்புள் (வெப்ப சென்சார்) மாட்யூல் போனால் நாலு டையும் (தட்டு அச்சும்) சேர்ந்து நிற்கும், கூரியர் வரும்வரை. வெப்பநிலையை ஸ்கிரீனில் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஆர்எஸ்-485 (கருவிகள் தகவல் பரிமாறும் போர்ட்) உள்ள கன்ட்ரோலராக வாங்குங்கள். டெல்டா இஎஸ்2-விலும் எஃப்எக்ஸ்5யு-விலும் அந்த போர்ட் உள்ளேயே இருக்கிறது. 1214சி-யில் கிடையாது, சிபி1241 போர்டைத் தனியாக வாங்க வேண்டும். இது பல கொட்டேஷன்களில் இருக்காது. ஆர்டர் போட்ட பிறகு வரும்.

அடுத்தது சாஃப்ட்வேர். டெல்டாவின் டபிள்யுபிஎல்சாஃப்ட், ஐஎஸ்பிசாஃப்ட் இரண்டும் இலவசம். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் லைசென்ஸ் காசு. 21 நாள் ட்ரையல் மட்டும் சும்மா. அதில் வி18-ல் சேமித்த புராஜெக்ட் வி16-ல் திறக்காது. 1214சி இருக்கும் எஸ்7-1200 வரிசையின் புதிய ஜி2 வகையை வாங்கினால் வி20 இல்லாமல் நகர முடியாது. மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்3-ம் விலைக்குத்தான். கிராக் போட்டு ஓட்டுவதை ஒரு திட்டமாக எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.

உங்கள் மெஷின் போகும் ஊர்களில் அதைத் தொடப்போகிறவர் உள்ளூர் எலக்ட்ரீஷியன். அவருக்கு இலவச சாஃப்ட்வேரும் சாதாரண கேபிளும் போதுமானதாக இருக்க வேண்டும். 32இஎஸ்2 எடுங்கள். வாங்குகிறவர் ஆர்டரிலேயே சீமென்ஸ் என்று எழுதிக் கேட்டால் 1214சி கொடுத்து, சாஃப்ட்வேர் செலவையும் விலையில் ஏற்றுங்கள். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதும், உங்கள் மாடல் டீலர் அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல. "இன்று போனால் நாளைக்குக் கையில் தருவீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பிரஸ்ஸின் எமர்ஜென்சி ஸ்டாப்பைப் புரோகிராம் வழியாக மட்டும் வைக்காதீர்கள். அது சேஃப்டி ரிலே வழியாக சோலினாய்டுக்கும் (வால்வைத் திறக்கும் காயில்) மோட்டாருக்கும் போகும் பவரை நேரடியாக வெட்ட வேண்டும். பிரஸ்ஸுக்குள் கை வைத்துத்தான் மட்டையைப் போடுகிறார்கள்.

கே: ஆன்லைனில் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு என்று பச்சை போர்டாகச் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரிஜினல்தானே? (விருதுநகர்)

ப: இல்லை. பையன் லேடர் (பிஎல்சி புரோகிராம் எழுதும் முறை) படிக்க வாங்கிக் கொடுங்கள், மெஷினில் மாட்டாதீர்கள்.

கே: அட்டைப்பெட்டி ஒட்டும் மெஷினில் பசை நாசிலுக்கு ரிலே அவுட்புட் பிஎல்சி. குறிப்பிட்ட ஒரு அவுட்புட் மட்டும் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை மாற்றிவிட்டோம். மூன்றாவதும் அதே மாடல்தான் வாங்கினோம், இதுவும் போய்விட்டது. கம்பெனியை மாற்றலாமா? (சிவகாசி)

ப: கம்பெனியை விடுங்கள், கணக்குப் போடுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு பெட்டி என்றால் மணிக்கு 1,800 முறை. 8 மணி ஷிஃப்டில் 14,400. சீமென்ஸ் எஸ்7-1200-ன் மேனுவலையே எடுத்துப் பாருங்கள்: முழு லோடில் ரிலே கான்டாக்ட் ஆயுள் 1,00,000 முறை. ஒரு வாரம்! லோடு குறைவாக இருந்தால் கூடுதலாக ஓடும், ஆனால் வருடக்கணக்கில் ஓடாது. மற்ற கம்பெனி ரிலேக்களுக்கும் இதே கதைதான். இரண்டு முறை போன பிறகும் "ஏன் போகிறது?" என்று கேட்காமல் மூன்றாவதற்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

டிரான்சிஸ்டர் அவுட்புட் (தேயும் கான்டாக்ட் இல்லாதது) உள்ளதை வாங்குங்கள். 1214சி-யில் ஒரு அவுட்புட் 0.5 ஆம்பியர் தாங்கும். 24 வோல்ட், 10 வாட் காயில் 0.42 ஆம்பியர்தான் இழுக்கும். டிசி காயில் என்றால் அதன் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ஏசி காயில் என்றால் டயோடு கூடாது. வெளியே எஸ்எஸ்ஆர் வைத்து ஆர்சி ஸ்னப்பர் (வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) போடுங்கள். டயோடின் விலை ஒரு டீ காசுகூட இல்லை.

கே: சாயப்பட்டறைக்கு மெஷின் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு டைமரை 40 விநாடியிலிருந்து 55 ஆக்க வேண்டும். பிஎல்சியில் பாஸ்வேர்டு. விற்றவர் வந்துபோக 40,000 ரூபாய் கேட்கிறார். நெட்டில் பாஸ்வேர்டு உடைக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதாமே? (திருப்பூர்)

ப: உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தொழிலில் எனக்கு அடங்காத கோபம் இதில்தான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மெஷினுக்கு முழு விலை கொடுத்தவர், அது எத்தனை விநாடி சுற்ற வேண்டும் என்பதை மாற்ற இன்னொருவர் காலில் விழ வேண்டியிருக்கிறது. "எங்கள் அறிவுச் சொத்து" என்பார்கள். உண்மையான நுட்பம் ஏதாவது இருந்தால் அந்த ஒரு பிளாக்கை மட்டும் பூட்டிக்கொள்ளலாம். சீமென்ஸில் அதற்கென்றே தனி வசதி இருக்கிறது. ஸ்டார்ட், ஸ்டாப், டைமர், வால்வ் வரிசை எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவது சர்வீஸ் வருமானத்துக்கு. பூட்டியவர் கடையை மூடினாலோ, புரோகிராம் எழுதிய பையன் வேறு வேலைக்குப் போனாலோ கோப்பும் போயிற்று. அப்புறம் பிஎல்சி எரிந்தால் புதுப் பெட்டி வாங்கலாம், உள்ளே போட எதுவும் இருக்காது. மெஷினையே திரும்ப எழுத வேண்டும்.

உடைக்கும் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள். 2022-ல் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. டைரக்ட்லாஜிக் 06 பிஎல்சியின் பாஸ்வேர்டை அது எடுத்துக் கொடுத்தது உண்மை. கூடவே கம்ப்யூட்டரில் சாலிட்டி என்ற வைரஸையும் இறக்கியது. அதே ஆட்கள் மற்ற பல கம்பெனி பிஎல்சிகளுக்கும் சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்தார்கள். உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்கில்தானே இருக்கிறது? ரீசெட் செய்து பாஸ்வேர்டை நீக்கலாம் என்று சொல்லும் மெக்கானிக்கையும் நம்பாதீர்கள். பாஸ்வேர்டு போகும், புரோகிராமும் சேர்ந்தே போகும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த 40,000 ரூபாயை டைமருக்காகக் கொடுக்காதீர்கள். வருவதே வருகிறார், எல்லா டைமர்களையும் எச்எம்ஐ (மெஷினில் உள்ள டச்) ஸ்கிரீனில் நீங்களே மாற்றும்படி கொண்டுவரவும், கோப்பை ஒப்படைக்கவும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அந்தப் பணத்துக்கு அது நியாயம்.

இனி மெஷின் வாங்குவோர் எல்லோரும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத வேண்டியவை: கமென்ட்டுடன் கூடிய பிஎல்சி மூலக் கோப்பு, எச்எம்ஐ கோப்பு தனியாக (பல ஸ்கிரீன்களில், டவுன்லோடு செய்யும்போதே அனுமதித்திருந்தால் தவிர, பின்னால் திரும்ப எடுக்க முடியாது), டிரைவ்களின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை) பாராமீட்டர் பட்டியல், பாஸ்வேர்டுகள் சீலிட்ட கவரில், எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்ற குறிப்பு. இவை கைக்கு வரும்வரை 10 சதவீதம் நிறுத்திவையுங்கள். பென் டிரைவைக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கோப்பை உங்கள் லேப்டாப்பில் திறந்து, பிஎல்சியுடன் ஆன்லைனில் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பழைய வெர்ஷன் கோப்பைத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கே: அமெரிக்க ஆலன்-பிராட்லி (ஏபி) பிஎல்சி போட்டால் பார்ட்டிகளிடம் கௌரவமாக இருக்குமே? (அம்பத்தூர்)

ப: கௌரவத்துக்குக் கார் வாங்குங்கள். மைக்ரோ800 வரிசைக்கு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. பெரிய லாஜிக்ஸ் வரிசைக்கு ஸ்டுடியோ 5000 சந்தா எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். வாங்குகிறவர் ஏற்கெனவே ஏபி வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கே: தீவன ஆலையில் 500 கிலோ ஹாப்பர். லோட் செல் (எடை சென்சார்) டிரான்ஸ்மிட்டர் 4-20 மில்லிஆம்பியர். 1214சி-யில் நேரடியாகக் கொடுத்தோம், ரீடிங் சரியில்லை. ஆன்லைன் விளம்பரத்தில் "அனலாக் உண்டு" என்றுதான் இருந்தது. (நாமக்கல்)

ப: அனலாக் உண்டுதான். அது 0-10 வோல்ட் மட்டும் வாங்கும். 500 ஓம், 0.1 சதவீத ரெசிஸ்டரை இன்புட்டுக்கும் அதன் மைனஸுக்கும் குறுக்கே போட்டால் 2-10 வோல்ட் ஆகிவிடும், ரீடிங் வரும்.

ஆனால் எடை போட அது உதவாது. உள்ளேயுள்ள அந்த இன்புட் 10 பிட், அதாவது 10 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும். 8 வோல்ட்டுக்குள் சுமார் 820 படிகள்தான். 500 கிலோவை 820-ஆல் வகுத்தால் ஒரு படி 0.6 கிலோ. மக்காச்சோளத்துக்குப் பரவாயில்லை. 2 கிலோ வைட்டமின் கலவை போடும் இடத்தில் கோழிக்கு என்ன போகிறது என்று யாருக்குத் தெரியும்? எஃப்எக்ஸ்5யு-வின் 12 பிட்டிலும் 150 கிராமுக்கு மேல்தான் ஒரு படி. மோட்பஸ் (கருவிகள் எண்களைப் பரிமாறும் முறை) உள்ள வெயிங் இண்டிகேட்டர் வாங்கி எடையை எண்ணாகவே பிஎல்சிக்கு அனுப்புங்கள். ஈதர்நெட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கூடுதல் போர்டு செலவும் இல்லை. சின்ன அளவு பொருளுக்குத் தனிச் சின்ன ஹாப்பர்.

கே: எஃப்எக்ஸ்5யு-32எம்டி/இஎஸ் கேட்டேன். இஎஸ்எஸ் கொடுத்துவிட்டு "ஒரே சாமான்தான் சார்" என்கிறார் கடைக்காரர். பில் இருக்கிறது, பெட்டி பிரிக்கவில்லை. (கரூர்)

ப: ஒரே சாமான் இல்லை. இஎஸ் அவுட்புட் மைனஸுக்கு இழுக்கும், இஎஸ்எஸ் பிளஸைக் கொடுக்கும். உங்கள் ரிலே போர்டில் காமன் பிளஸ் என்றால் இஎஸ்எஸ் மாட்டி ஒரு ரிலேகூட அடிக்காது. பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். பில்லில் இஎஸ் என்று எழுதியிருந்தால் அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தக் கடிதக் குவியலில் பெட்டியைப் பிரிக்கும் முன் மாடல் எண்ணைப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கே: சீமென்ஸ் எஸ்7-300 சிபியு (பிஎல்சியின் மூளைப் பகுதி) பழையது பாதி விலைக்கு வருகிறது. புதிய லைனுக்குப் போடலாமா? (ஓசூர்)

ப: புதிய லைனுக்கு வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து சீமென்ஸ் அந்த வரிசையை விலக்கத் தொடங்கிவிட்டது. இனி ஸ்பேருக்கு மட்டும். ஓடும் பழைய லைனுக்கு ஸ்பேர் என்றால் வாங்கலாம், மெமரி கார்டோடு. கார்டு இல்லாமல் சிபியு ஓடாது. அதை உருவி வைத்துக்கொண்டு தனி விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார்டை லேப்டாப்பில் செருகி விண்டோஸில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், செத்துவிடும்.

கே: நானும் மனைவியும் மட்டும் ஓட்டும் சின்னப் பட்டறை. புதியது என்று சொல்லி விற்ற பிஎல்சியின் டெர்மினல் திருகுகளில் கீறல், பேனல் கம்பியில் மாட்டும் கிளிப்புக்குள் தூசு. இரண்டே மாதத்தில் போய்விட்டது. டீலர் இப்போது போனை எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார்கள். (ஈரோடு)

ப: போகலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவர்களை விலக்கினாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துபவரை விலக்கவில்லை. நீங்களே ஓட்டும் பட்டறை என்பதைக் காட்டும் ஆதாரங்களைத் திரட்டுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பி, எப்போது தயாரானது, யாருக்கு விற்றது என்று எழுத்தில் கேளுங்கள். திருகுகளைப் படம் எடுங்கள். பெட்டியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதன் பிறகு மாவட்ட ஆணையம். கெடு இரண்டு வருடம்.

ஊருக்கெல்லாம் ஒன்று: பில் இல்லாமல் வாங்கி 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்படுபவர்கள் அந்தப் பில்லில்லா விலைக்கே வழக்குப் போடும் வாய்ப்பையும் விற்றுவிடுகிறார்கள்.

கே: புரோகிராமிங் கேபிள் ஒரிஜினலா, லோக்கலா? (சேலம்)

ப: சீமென்ஸ் 1200-க்குச் சாதாரண லேன் கேபிள் போதும். பழைய எஃப்எக்ஸுக்கு நல்ல சிப் போட்ட கேபிளாக வாங்குங்கள். போலி சிப் கேபிள்கள் என் டிராயரிலும் கிடக்கின்றன. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் டிரைவர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது.

கே: பொங்கல் லீவு முடிந்து ஆன் செய்தால் எஃப்எக்ஸ்3யு-வில் புரோகிராமே இல்லை. சின்னச் சிவப்பு லைட் ஒன்று மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்தது. வாரண்டியில் வருமா? (ராஜபாளையம்)

ப: வராது. அது பேட்டரி லைட். அந்த மாடலில் புரோகிராம் ராமில் (பவர் இருந்தால்தான் நினைவு நிற்கும் மெமரி) இருக்கிறது. பேட்டரி இறங்கி, மில்லின் மெயினையும் அணைத்தால் அழிந்துவிடும். எஃப்எக்ஸ்3யு-32பிஎல் பேட்டரி வாங்கி மாட்டுங்கள். பேக்கப் இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் மெஷின் விற்றவரைத் தேடுங்கள். மில்லில் அதே மாடல் வேறு எத்தனை ஓடுகிறதோ, அவற்றையெல்லாம் இன்றைக்கே அப்லோடு செய்து வையுங்கள், மெயினை அணைக்கும் முன்.